சர்நேம் என்ன, லவ்?

போன வாரம் நான் கவுண்டர் கவுண்டராக நின்றேன். மூன்று ஆபீஸ், எத்தனையோ ரயில், இரண்டு பஸ், கணக்கில்லாத மரப் பெஞ்சுகள். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் முழங்காலின் சரித்திரம் தெரியும். இப்போது அதற்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடிதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் ஆசிரியர் மன்னிக்கவும்.

எதற்காக நின்றேன்? ஒரு பேப்பருக்காக. இல்லை... ஒரு பேப்பரில் எங்கேயோ இருக்கும் ஒரு வரிக்காக.

சிவமலர் கிரவீனில் இருக்கிறாள். எங்கள் செவன் ஹில்ஸிலிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன், அப்புறம் கொஞ்சம் நடை. சிலோன்காரப் பெண், யாழ்ப்பாணம். சிட்னியின் இந்தப் பக்கத்தில் தமிழ் பேசும் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் நீ மெட்ராஸ், நான் யாழ்ப்பாணம் என்று பிகு பண்ண முடியாது. மிளகாய்த்தூள் தீர்ந்தால் அவள் வீட்டுக்கு நான், புளி தீர்ந்தால் என் வீட்டுக்கு அவள்.

நாம் 'ஆமா' என்கிற இடத்திலெல்லாம் அவர்கள் 'ஓம்' என்பார்கள். காபி போடட்டுமா? ஓம். சர்க்கரை? ஓம். "என்னம்மா, காபி வேணுமான்னு கேட்டா ஜபம் பண்றே?" என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். ஒரே கேலியை இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்பதை வைத்தே இங்கே பொழுதுபோக்கு எவ்வளவு என்று நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அவள் கணவர் கணேசலிங்கம் எஞ்சினியர். ஜாம்பியாவில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் கிளம்புகிறார்கள். சாமான் கட்ட உதவலாம் என்று போனேன். பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்.

"அக்கா, போறதுக்கு முதல் பிள்ளையை எங்கை தாட்டவை எண்டு ஒருக்காப் பார்க்கோணும்."

தாட்டது என்றால் புதைத்தது. எனக்குக் கை நின்றுவிட்டது.

அந்தக் கதை எனக்குத் தெரியும். யாரும் பேசமாட்டோம், அவ்வளவுதான். இரண்டு வருடம் முன்பு, அவர்கள் வந்து சில மாதங்களே ஆன சமயம். அவர் எங்கேயோ உள்நாட்டில் பாலம் கட்டும் வேலையில் இருந்தார். இவளுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா தன் காரில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பெண் குழந்தை. இரண்டு நாள் இருந்தது. இவளுக்கோ நினைவில்லாத காய்ச்சல். அவருக்குத் தந்தி கிடைத்து, வெள்ளத்தில் மூழ்கிய ரோடு திறந்து, அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 'நாங்களே பார்த்துக்கொண்டோம்' என்றார்களாம் ஆஸ்பத்திரியில். அன்பாகத்தான் சொன்னார்களாம். எங்கே என்று அவர்கள் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

கேட்காதே, மறந்துவிடு என்று அவளுக்கு அட்வைஸ் செய்தவர்களில் நானும் ஒருத்தி. அதை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கணேசலிங்கம் வாசல் பக்கம் பார்த்தபடி நின்றார். "இனி அதைக் கிண்டி என்ன அக்கா செய்யிறது?" என்றார். பெட்டிக்குக் கயிறு எடுக்கப் போகிறேன் என்று போனவர் வெகுநேரம் வரவேயில்லை.

"எனக்கு இங்கிலீஷ் வரும். ஆனா அந்தக் கவுண்டருக்கு முன்னாலை நிண்டா வராது. நீங்கள் வருவியளே அக்கா?" என்றாள் மலர்.

என் இங்கிலீஷும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தால் நன்றாக வரும். சரி என்றேன்.

முதலில் ஆஸ்பத்திரி. பேரை எழுதமாட்டேன். ரெக்கார்டு ரூம் கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே இருந்த பெண்மணி ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி... "சர்நேம் என்ன, லவ்?"

இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்களையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அது பழகிவிட்டது. பழகாதது அந்த சர்நேம்.

நமக்கு ஏது சர்நேம்? இனிஷியல் இருக்கிறது. அப்பா பேரின் முதல் எழுத்து. அதை விரித்தால் அப்பா வருவார். அவரை சர்நேம் கட்டத்தில் உட்கார வைத்தால் கடிதமெல்லாம் அவர் பேருக்கே வரும். என் வீட்டுக்காரரின் அப்பா காலமாகிப் பத்து வருடம் ஆகிறது. மின்சாரக் கட்டணம் இன்றைக்கும் அவர் பேரில்தான் வருகிறது. லைப்ரரி அட்டையில் நான் என் கணவர், டாக்டரிடம் நான் என் மாமனார், தபால்காரருக்கு நான் எங்கள் ஊர். நான் நானாக இருப்பது இந்தப் பத்தியில் மட்டும்தான்.

கணேசலிங்கம் என்று சொன்னோம். தேடினாள், இல்லை. அவருடைய அப்பா தம்பிஐயா. அதை எத்தனை விதமாக ஸ்பெல்லிங் போட முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிக் கொடுத்தேன். இல்லை. சிவமலர்? இல்லை. மலரின் அப்பா? அவரும் இல்லை. "ஸாரி, லவ். ஊருக்குள்ளே பிறப்பு இறப்புப் பதிவு ஆபீஸ்ல கேட்டுப் பாருங்களேன்" என்றாள். நாங்கள் படியேறும்போது பின்னாலேயே வந்து, இங்கிருந்து போகும் குழந்தைகளைப் பெரும்பாலும் எந்த மயானத்துக்கு அனுப்புவார்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். நல்லவள்.

மறுநாள் ரயில் பிடித்து சிட்னி நகரத்துக்குப் போனோம். பதிவு ஆபீஸ். விண்ணப்ப பாரம், வரிசை, பெஞ்சு. இது பொதுப் பதிவேடுதான், தாராளமாகத் தேடச் சொல்லலாம், சர்நேம் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்றான் கவுண்டர் பையன். அவன் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினான். சாயங்காலம் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் குறுக்கே ஊதா மையில் ஒரு முத்திரை. 'நோ டிரேஸ்.'

தடயம் இல்லை. பத்து விரலோடு பிறந்து இரண்டு நாள் மூச்சு விட்ட பிள்ளைக்குத் தடயம் இல்லையாம்.

திரும்பி வருகிற ரயிலில் மலர் அந்த பாரத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். பரமட்டா தாண்டியதும், "நான் பெத்தது உண்மைதானே அக்கா?" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பேத்தாதே" என்று திட்டினேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

பொதுப் பதிவு, பொதுப் பதிவு என்கிறார்களே... திறந்த கதவுதான். ஆனால் உள்ளே போக அவர்கள் எழுதிவைத்த எழுத்து நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் நாம் ஏன் அங்கே போய் நிற்கிறோம்?

வியாழக்கிழமை மயானம். கணேசலிங்கம் காரில் கொண்டுபோய் இறக்கினார். உள்ளே வரமாட்டேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்துகொண்டார். இங்கே ஜூலைதான் குளிர்காலம், காது விறைத்தது.

ஆபீஸில் கம்பளி கார்டிகன் போட்ட ஒரு பெரியவர் இருந்தார். அவரும் அதையேதான் கேட்டார். சர்நேம் அட்டவணையில் விரலை ஓட்டினார். ஜி... இல்லை. டி... இல்லை. எஸ்... இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "பேரை விடுங்கள். தேதியை வைத்துப் பாருங்கள்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுப் பெரிய புத்தகத்தைத் தூக்கி வந்தார். அந்த வாரத்தில் மூன்று குழந்தைகள். ஒன்று ஐரிஷ் பேர். ஒன்று இத்தாலியப் பேர். மூன்றாவது, 'பேபி ஓம்'.

"சைனாக்காரங்களா இருக்கும்" என்றார் பெரியவர்.

"இருக்கும், இருக்கும்" என்று நானும் மண்டையை ஆட்டினேன். அவர் புத்தகத்தை மூடினார்.

எனக்கு வந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது? பெஞ்சில் உட்கார்ந்திருந்த மலர் மேல் காட்டினேன். "அன்னிக்கு உன் பேரை யார்தான் எழுதிக்கிட்டாங்க? அவங்ககிட்ட என்னதான் சொல்லித் தொலைச்சே நீ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா" என்றாள் பயந்துபோய். "காய்ச்சல்லை கிடந்தனான். பிள்ளையைக் கையிலை வச்சுக்கொண்டு நர்ஸ் குனிஞ்சு என்னவோ கேட்டவா. எனக்கு விளங்கேல்லை. உன்ரை பிள்ளையோ எண்டு கேக்கிறாவாக்கும் எண்டு நினைச்சு ஓம் எண்டனான். திருப்பியும் கேட்டவா. ஓம், ஓம் எண்டனான்."

அவள் சொல்லி முடித்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. அப்புறம் உறைத்தது. இரண்டு வருடமாக அந்த ஒரு சொல்லைப் பிடித்துக் கேலி செய்தவள் நான். எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்!

"திறங்க! அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திறங்க!" என்று நான் போட்ட கூச்சலில் பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார்.

பேபி ஓம். பெண். வயது இரண்டு நாள். தாய், மிஸஸ் ஓம். ஆஸ்பத்திரியின் பேர், பக்கத்திலேயே வரிசை எண், இட எண். யாரோ நல்ல கையெழுத்தில் நிதானமாக எழுதியிருந்தார்கள். மலர் அந்த வரி மேல் விரலை வைத்தாள். பெரியவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுக்கவில்லை. அவள் எடுக்கும் வரை காத்திருந்தார்.

அவரே முன்னால் நடந்து வழி காட்டினார். கல் ஒன்றும் இல்லை. புல்லுக்குள் எண் போட்ட ஒரு சின்ன இரும்புக் குச்சி, அவ்வளவுதான். புல்லை ஒழுங்காக வெட்டியிருந்தார்கள். மலர் குந்தி உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். கணேசலிங்கம் வந்துகொண்டிருந்தார். ஷூவையும் சாக்ஸையும் காரிலேயே கழற்றி வைத்துவிட்டு, அந்த ஈரப் புல்லில் வெறுங்காலோடு வந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. நான் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

ஆபீஸுக்குத் திரும்பியபோது பெரியவர் ஒரு பாரத்தை எடுத்து வைத்திருந்தார். தப்பான பேரைத் திருத்துவதற்கான பாரம். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம். நான் பேனாவைத் திறந்தேன். கணேசலிங்கமா, தம்பிஐயாவா, எதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மலர் என் கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ அக்கா. பேர் வைக்க முதலே போயிட்டுது. அதுக்கெண்டு இருக்கிறது இந்த ஒரு பேர்தான். அதுவும் நான் சொன்னதுதானே?"

கணேசலிங்கத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். நான் பேனாவை மூடினேன்.

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. மலரின் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார். "அப்போ அப்படியே இருக்கட்டுமா, லவ்?"

"ஓம்" என்றாள் மலர்.

அவர் பேனாவை எடுப்பதற்குள் நான் குறுக்கே பாய்ந்தேன். "யெஸ்! அவ யெஸ்ங்கிறா!"