துண்டுக்குள் முடிந்த பேச்சு

தென்காசி மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்கிறவனுக்கு ஒரு தரகர், வாங்குகிறவனுக்கு ஒரு தரகர். இரண்டு பேர் கைக்கும் மேலே ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, கையை முழுதாகப் பிடித்தால் ஐந்து. பத்தா நூறா என்பது நிற்கிற மாட்டைப் பார்த்தாலே தெரியும். பக்கத்தில் நிற்கிறவன் கண்ணுக்குத் துண்டு அசைவது மட்டும்தான். துண்டை உதறித் தோளில் போட்டால் பேச்சு முடிந்தது. மாடு வீடு போய்ச் சேருமுன் செத்து விழுந்தாலும் பிடித்த விரலுக்குப் பணம் வந்துவிடும்.

மாடக்கண்ணு அந்தச் சந்தையில் பேர்போன தரகன். புளியங்குடிக்காரனும் திருவேங்கடத்துக் கரிசல்காட்டுக்காரனும் அவனைத் தேடித்தான் வருவார்கள். ஆவுடையம்மாள் அவனுக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தினாள். கல்யாணமான புதுசில், சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது, அவள் முந்தானையையே துண்டாகப் போட்டு அவளுக்கு விரல் பேச்சு சொல்லிக்கொடுத்தான். ஒரு வளையலுக்குப் பேரம் பேசி அவள் ஜெயித்தும் இருக்கிறாள். பேசின வளையலை மறு சந்தைக்கே வாங்கி வந்து போட்டான். அதைத்தான் அவள் கடைசிவரை மறக்க முடியாமல் கெட்டாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தபோது, அங்கே காப்பிக்கடை போட்டிருந்த ஒருத்தி வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. மகள் உலகம்மைக்கு அப்போது எட்டு வயது.

ஆவுடையம்மாள் பீடி சுற்றினாள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை சுற்றினாலும் அரை வயிறுதான். ஐந்தருவிப் பக்கம் பங்களா வைத்திருந்த ஒரு அம்மாள் ஆள் மேல் ஆள் அனுப்பினாள். "பிள்ளையை எங்ககிட்ட விடு. என் பேரனைத் தூக்கி வச்சுக்கிடட்டும். மூணு வேளைச் சோறு, தீபாவளிக்குத் துணி, மாசம் நாலு ரூவா" என்று.

"எம்பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போவுது. அப்பன் உசுரோட இருக்கையில அடுத்தவ பிள்ளையைச் சுமக்கணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து?" என்று சொல்லி அனுப்பினாள் ஆவுடையம்மாள்.

அப்பனிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கிவிட்டால் பிள்ளை வீட்டில் இருக்கும். இல்லையென்றால் பங்களாவுக்குப் போகும். அவளுக்கு இருந்தது இந்த இரண்டு வழிதான். அதனால்தான் கோர்ட்டுக்கே போனாள்.

வக்கீல் ஏசுவடியான் நல்ல மனுஷர். ஃபீஸைப் பிறகு பார்க்கலாம் என்று மனு எழுதிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உம் புருஷன் மாசம் எவ்வளவு சம்பாதிக்கான்?"

"அது யாருக்கு ஐயா தெரியும்? எல்லாம் துண்டுக்குள்ளதான."

"மாஜிஸ்திரேட் துண்டைத் தூக்கிப் பாக்க முடியாதே அம்மா. சம்பளக்காரன்னா சீட்டு இருக்கும், கடைக்காரன்னா கணக்கு இருக்கும். இவன் 'எனக்கு ஒண்ணுமில்ல'ன்னு சொன்னா நாம என்னத்தைக் காட்ட? பத்து ரூவா போட்டாலே பெரிசு."

அவர் சொன்ன மாதிரியே, முதல் வாய்தாவுக்கு மாடக்கண்ணு கிழிந்த வேட்டியோடு வந்து நின்றான். தொடை தெரிகிற கிழிசல். சந்தைக்கு அவன் கட்டுகிற எட்டு முழ வேட்டி எந்தப் பெட்டியில் இருந்ததோ. "மாட்டுக்காரன் இரக்கப்பட்டு நாலணா எட்டணா தருவான் எசமான். அதுல டீ குடிப்பேன்" என்றான். மாஜிஸ்திரேட் இன்னொரு தேதி போட்டார்.

அந்தத் தேதியன்று கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் அவளைக் கூப்பிட்டான். கூட முகம்மது மீரான் நின்றார். சந்தையில் மூத்த தரகர். மாடக்கண்ணுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். உலகம்மை அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, நமக்குள்ள எதுக்கு கோர்ட்டு? இவங்க ஆறோ எட்டோ போடுவாங்க. நான் அதுக்கு மேலயே தாரேன். கையைக் கொடு" என்று துண்டை எடுத்தான்.

ஆவுடையம்மாள் மீரானைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். துண்டுக்குள் கையை நீட்டினாள். அவன் ஒரு விரலைப் பிடித்தான். மாசம் பத்து. அவள் கையை உதறிவிட்டு அவனுடைய மூன்று விரலைப் பிடித்தாள். அவன் இழுத்தான், அவள் விடவில்லை. கடைசியில் அவன் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினான். மாசம் இருபது. துண்டை உதறித் தோளில் போட்டான்.

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "இருபதா? நல்லதுதான். அதை ஒரு தாள்ல எழுதி அவன் கைநாட்டு வாங்கிட்டு வா. அப்புறம் மனுவை வாபஸ் வாங்கலாம்."

"துண்டு போட்டாச்சு ஐயா. அதுக்கு மேல தாளைக் காட்டினா தரகனை மூஞ்சியில அடிச்ச மாதிரி. அந்தத் தொழில் உங்களுக்குத் தெரியாது."

உள்ளே போய், "ராசியாயிட்டோம் எசமான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு உலகம்மைக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

முதல் மாசம் இருபது ரூபாய் வந்தது. அடுத்த மாசம் ஐந்து. அதற்கடுத்த மாசம் ஒன்றுமில்லை. ஐந்தாவது மாசம் அவள் சந்தைக்கே போனாள். மாடும் ஆம்பளைகளும் நிறைந்த இடத்தில் ஒற்றைப் பொம்பளை. மாடக்கண்ணு ஒரு மயிலைக் காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிடிச்ச விரலுக்குப் பணம் எங்கே?" என்றாள்.

"என்ன விரல்?"

"வேப்பமரத்தடியில துண்டு போட்டுப் பிடிச்சியே, ரெண்டு விரல்."

மாடக்கண்ணு காளையை விட்டுவிட்டுச் சிரித்தான். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னான். "துண்டுங்கது தரகனுக்குத் தரகன் போடுதது! பொம்பளைக்குத் துண்டு ஏது? அழுத பிள்ளைக்கு விரலைக் கொடுத்து வேடிக்கை காட்டுத மாதிரி காட்டினேன். அதை நம்பிக் கேஸை விட்டா நானா பொறுப்பு?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மீரான் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த மாட்டைப் பார்க்க நகர்ந்துவிட்டார்.

மறுபடி மனு, மறுபடி வாய்தா. ஏசுவடியான் இந்தத் தடவை மீரானைச் சாட்சிக்கு இழுத்தார். ஆவுடையம்மாளுக்கு நம்பிக்கை வந்தது. ஐந்து வேளை தொழுகிற மனுஷர், பொய் சொல்ல மாட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை.

"இவங்க ரெண்டு பேரும் துண்டு போட்டதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எத்தனை விரல்?"

"துண்டுக்குள்ள இருக்கது எனக்குத் தெரியாது எசமான்."

"மாடக்கண்ணுக்கு ஒரு சந்தைக்கு என்ன வரும்படி?"

"அடுத்த தரகன் வரும்படியைச் சொல்லுதது எங்க தொழில்ல கிடையாது. சொன்னா நாளைக்கு யாரும் எங்கிட்ட கை கொடுக்க மாட்டான்."

மாஜிஸ்திரேட் அவரைக் கூண்டிலிருந்து இறங்கச் சொன்னார். பிறகு மாசம் எட்டு ரூபாய் என்று உத்தரவு எழுதினார். அந்த எட்டும் ஒரு மாசம்கூட ஒழுங்காக வரவில்லை.

இரண்டு மாசம் கழித்து ஒரு நாள் மீரான் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் காகிதப் பொட்டலத்தில் சீனி. அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. முகமெல்லாம் பூரிப்பு. "ஏழு நாள் பிள்ளை. விரலைக் கொடுத்தா எப்படிப் பிடிக்குங்க! விட மாட்டேங்குது" என்று தன் சுண்டுவிரலைத் தானே பிடித்துக் காட்டினார். பிறகு குரலை இறக்கினார்.

"ஒரு சேதி சொல்லத்தான் வந்தேன் அம்மா. அந்தப் பயலுக்கு இனிமே நான் விரல் கொடுக்கதில்லைன்னு சந்தையில சொல்லிட்டேன். சொந்தப் பிள்ளைக்குப் பிடிச்ச விரலை இல்லைன்னவன் எவன் மாட்டுக்குத்தான் உண்மையா இருப்பான்? நான் கையை இழுத்ததும் ஒருத்தனும் அவன்கூடத் துண்டு போடலை. நாலு சந்தையா சும்மா நின்னான். போன வாரம் ரயிலேறி செங்கோட்டை தாண்டிப் போயிட்டான். புனலூர்ப் பக்கம்னு சொல்லுதாங்க."

ஆவுடையம்மாள் பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"அண்ணாச்சி, கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம்பிள்ளைக்குச் சோறு. சந்தையில கையை இழுத்தீங்களே, அதுல யாருக்குச் சோறு?"

மீரான் பொட்டலத்தை நீட்டினார். அவள் வாங்காமலே பேசினாள்.

"எட்டு ரூவாயாவது கேக்கதுக்கு ஒரு ஆள் இங்கன இருந்தான். அவனையும் மலைக்கு அந்தப்பக்கம் விரட்டிட்டு வந்து சேதி சொல்லுதீங்க. உங்க தொழில் மானத்தைக் காப்பாத்திட்டீங்க. நல்லா இருங்க."

சீனிப் பொட்டலத்தை மட்டும் வாங்கி உலகம்மையிடம் கொடுத்தாள். பிறந்த பிள்ளை என்ன பாவம் செய்தது.

எட்டு ரூபாய் பாக்கிக்காகக் கோர்ட் அனுப்பின வாரண்டு, 'அப்படி ஓர் ஆள் இல்லை' என்று புனலூரிலிருந்து திரும்பி வந்தது. அந்த வருஷம் சாரல் விழ ஆரம்பித்த வாரத்தில், அவள் உலகம்மைக்குத் தலை சீவி, இருந்ததில் நல்ல பாவாடையைக் கட்டி, குற்றாலத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தது பிள்ளை.

பங்களா அம்மாள் இடுப்பில் பேரனோடு வந்தாள். "இப்பவாவது புத்தி வந்துச்சே. நான் சொன்ன அதே பேச்சுதான். மூணு வேளைச் சோறு, துணி, மாசம் நாலு ரூவா."

"எழுதிக் கொடுங்க" என்றாள் ஆவுடையம்மாள்.

"என்னது?"

"நாலு ரூவா, சோறு, துணி, கை நீட்டி அடிக்கப்படாது, சித்திரையில பத்து நாள் வீட்டுக்கு அனுப்பணும். எல்லாம் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

"பிள்ளை தூக்கப் போற குட்டிக்குப் பத்திரமா!" அந்த அம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என் கண்ணாடி உள்ள கிடக்கு. வேணும்னா நீயே எழுதிக்க. கையெழுத்துப் போடுதேன்."

ஆவுடையம்மாளுக்கு எழுதத் தெரியாது. உலகம்மைதான் படியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்து நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி மேலே ஊர் பேரும் தேதியும் போட்டாள். அம்மா சொல்லச் சொல்ல, பெரிய பெரிய எழுத்தாக, தன்னை வேலைக்கு விட்ட கடுதாசியைத் தானே எழுதினாள். 'அடிக்கக் கூடாது' என்பதில் மட்டும் கொஞ்சம் நின்று, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, அதையும் எழுதினாள்.

அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டாள். பேரனை உலகம்மை இடுப்பில் வைத்தாள். அது அவள் கழுத்துப் பாசியைப் பிடித்து இழுத்தது. "விடுடா" என்று சிரித்தபடியே உலகம்மை உள்ளே போனாள்.

ஆவுடையம்மாள் தாளை மழையில் நனையாமல் இடுப்பில் செருகிக்கொண்டு தென்காசிக்கு நடந்தாள்.