பொட்டு வைத்த கிட்டார்

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. யாராவது பேய்க்கதையை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் பாதியில் எழுந்து போனால் கோபப்பட மாட்டேன். ஆனால் இது என் வயிற்றெரிச்சல், யாரிடமாவது கொட்டியே ஆக வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் சங்கரன்கோவிலில் ராக் மியூசிக் வாசித்தது நாங்கள் மூன்று பேர்தான். நான் எலெக்ட்ரிக் கிட்டாரும் பாட்டும். மாரி டிரம்ஸ். செல்வினிடம் ஸ்பூல் டேப் ரிக்கார்டரும் மைக்கும் இருந்தன, பதிவு வேலை அவனுடையது. எங்கள் சத்தத்துக்குப் பயந்து ஊரில் எவனும் இடம் தரவில்லை. கடைசியில் சங்கரலிங்க அண்ணாச்சி தன் விசைத்தறிக் கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையைக் கொடுத்தார். தறி ஓடுகிற இடத்தில் எங்கள் சத்தம் யார் காதில் விழப்போகிறது! சுவரெல்லாம் சாக்கு அடித்து அதற்கு ஸ்டுடியோ என்று பெயரும் வைத்துவிட்டோம். பழகுவதற்குச் சரி, பதிவு மட்டும் பண்ண முடியாது. எதை எடுத்தாலும் பின்னால் தடக் தடக் என்று தறி ஓடும், அதுவும் இரவு பகலாக.

அந்த நேரம் பார்த்து மதுரையில் ஒரு கேசட் கம்பெனிக்காரர், ஆல்பத்துக்குப் பாட்டைப் பதிந்து கொண்டு வா, தீபாவளிக்குப் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவோ, கேசட் வராவிட்டால் வாத்தியார் வேலைக்குப் போ என்று முடிவாகச் சொல்லிவிட்டார். தீபாவளிக்கு முன்னால் தறிகள் முழுசாக வாயை மூடுகிற நாள் ஒன்றே ஒன்றுதான், ஆயுத பூஜை. மொத்தப் பாட்டையும் அன்றைக்கே எடுத்தாக வேண்டும்.

அன்று காலையில் மாரி வரவில்லை. திருவேங்கடத்தில் வீட்டு டிராக்டருக்குப் பூஜையாம், அவன் அப்பா விடவில்லையாம், நாளைக்கு வருவானாம். ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். நாளைக்குத்தான் தறி ஓடுமே மடையா! டிராக்டருக்குப் பொட்டு வைக்க ஒரு டிரம்மர் எதற்கு? நம்புங்கள், அந்த ஆத்திரம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

நான் புகைந்துகொண்டிருக்கும்போதே அண்ணாச்சி சந்தனம் குங்குமத்தோடு வந்தார். டிரம்ஸ், டேப் ரிக்கார்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். கிட்டார் பக்கம் வந்ததும் கொஞ்சம் தயங்கினார்.

"நீரு சர்ச்சுக்காரருன்னு தெரியும், கோவிச்சுக்கிடாதீரும். இதுவும் சோறு போடுத சாமான்தானவே?"

எங்கே போட்டது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு நீட்டினேன். பொட்டு வைத்துவிட்டு, "இனி நாளைக்குத்தான் தொடணும். இன்னைக்கு அதுக்கு லீவு வே" என்றார்.

"அண்ணாச்சி, எனக்கு இன்னைக்கு ஒரு நாளுதான் இருக்கு."

"ஒம்ம இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, கூடத்தைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டார்.

டிரம்ஸ் இல்லாமலே முதல் பாட்டை வாசித்துப் பாடினேன். தெருவே அமைதியாக இருந்தது. செல்வின் டேப்பைத் திருப்பிப் போட்டான். பாட்டுக்குப் பின்னால் தடக் தடக் என்று அடி விழுகிறது. தறிச்சத்தமேதான், ஆனால் என் பாட்டின் தாளத்தில்! புது டேப், உறையைப் பிரித்ததே என் கண் முன்னால்தான். அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு கம்பி ஜன்னல் உண்டு, எட்டிப் பார்த்தோம். தறிகள் பொட்டோடு அசையாமல் நின்றன. நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாக்களை எல்லாம் கழற்றி சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார்கள். தறிகளுக்கான மெயின் சுவிட்சைக்கூட அணைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள்.

அடுத்த பாட்டில் பாதியிலேயே கம்பி அறுந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே புதுக்கம்பி மாட்டி, சுருதி சேர்த்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். டேப் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திருப்பிக் கேட்டால், கம்பி அறுந்த இடத்தில் அந்த அடியும் நின்றிருந்தது. நான் திட்டுவது கேட்கிறது, சுருதி சேர்ப்பது கேட்கிறது, அது சத்தமே காட்டவில்லை. நான் மறுபடி தொடங்கியதும் கூடவே தொடங்கியது. மெஷின் ஓடும், நிற்கும். காத்திருக்குமா?

செல்வின் மைக்கைக் கழற்ற ஆரம்பித்தான். "போதும் மக்கா, எந்திரி, போயிருவோம்" என்றான்.

"மாரியை விட நல்லா வாசிக்கு, நீ டேப்பைப் போடுலே" என்றேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நாளை விட்டால் எனக்கு வேறு நாள் கிடையாது. சாயங்காலத்துக்குள் எல்லாப் பாட்டையும் முடித்துவிட்டோம்.

மறுநாள் அண்ணாச்சியிடம் டேப்பைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "லீவு நாள்ல வேலை வாங்கினா, கூட ஆரு வேலைக்கு வருவான்னு எனக்கு எப்படிவே தெரியும்?" என்றார்.

கேசட் ஓடு ஓடென்று ஓடியது. பாளையங்கோட்டை ஹாஸ்டல்களில் அதுதான் பாட்டு. மெட்டு என்னுடையது, குரல் என்னுடையது, கேட்டவன் எல்லாம் கேட்ட ஒரே கேள்வி, டிரம்ஸ் யாரு? மேடையில் மாரி வாசித்தால், கேசட்டில் வாசித்தவரைக் கூப்பிடு என்று கத்துவார்கள். அவனும் எத்தனை நாள் பொறுப்பான், குச்சியைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். கம்பெனிக்காரரும் அதே டிரம்ஸ் வேண்டும் என்றார். அடுத்த ஆயுத பூஜைக்கு அண்ணாச்சியைக் கெஞ்சி, பொட்டு வைக்கச் சொல்லி, நாள் முழுக்க வாசித்துப் பார்த்தேன். டேப்பில் என் கிட்டார் மட்டும் அனாதையாகக் கேட்டது. இரண்டாவது ஆல்பம் வரவே இல்லை. அப்பா சொன்ன வாத்தியார் வேலைக்கே போய்ச் சேர்ந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கடைசிப் பாட்டு முடிந்த பிறகு செல்வின் டேப்பை நிறுத்த மறந்துவிட்டான். அதில், நான் கிட்டாரைக் கீழே வைக்கிற சத்தத்துக்குப் பிறகு அந்த அடி புதிதாக ஒரு தாளத்தைத் தொடங்கும். அடுத்த பாட்டுக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி கொஞ்சம் தட்டிவிட்டு நிற்கும், கம்பி அறுந்தபோது நின்ற மாதிரியே. அந்தத் தாளத்துக்கு ஒரு மெட்டுப் போட வருஷக்கணக்காகத் தலையை உடைத்துக்கொண்டேன். ஒன்றுமே உட்காரவில்லை.

போன மாதம் என் மகன் அந்த டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அந்தத் தாளம் தட்டி நின்றது. நான் எழுந்திருக்கப் போனேன். மறுபடியும் தட்டியது. இத்தனை வருஷத்தில் அது இரண்டாவது தடவை தட்டி நான் கேட்டதே இல்லை. இந்தத் தடவை கொஞ்சம் பலமாகவே தட்டியது.

"என்னப்பா, யாரோ உங்கள கூப்பிடுத மாதிரில்லா இருக்கு?" என்றான் மகன்.

கிட்டாருக்குப் புதுக்கம்பி போட்டு வைத்திருக்கிறேன். எதை வாசிப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.