இந்த வயசு வீட்டுக்கு இது சகஜம்

மெர்ல் ஸ்டான்சிக் என் பக்கத்து வீட்டுக்காரர். அமெரிக்காவின் யங்ஸ்டவுன் நகரத்தில் வீடு வாங்கப் போகிறவர்களுக்காக, அவர்கள் கையெழுத்துப் போடுமுன் கூரையிலிருந்து அடித்தளம் வரை பார்த்துக் குறைகளைச் சொல்வது அவர் தொழில். வாங்குகிறவர்களுக்கு அவரைத் தெரியாது. வீட்டுத் தரகர்தான் கைகாட்ட வேண்டும். மெர்லைக் கைகாட்டுகிற தரகர் டார்லா ஒருத்திதான். திங்கள் காலை அவள் போன் வந்தால் அந்த வாரத்துக்குப் பிழைப்பு உண்டு. அவர் மனைவி ஜாய்ஸுக்குப் பக்கவாதம். பகலில் அவளைக் குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும் நர்ஸான நான்தான்.

வியாபாரம் முறிந்தால் டார்லாவுக்குத் தரகு கிடையாது. அதனால் மெர்ல் ஒரு பேச்சைப் பழகிக்கொண்டார். கசிவோ விரிசலோ, "இந்த வயசு வீட்டுக்கு இது சகஜம்" என்பார். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. என் நோயாளிகளிடம் இதே மாதிரி சொன்ன மருத்துவர்கள் உண்டு. பிறகு புண்ணைக் கழுவியவள் நான்.

ஊரில் ஒலெக்சா என்று இன்னொரு பரிசோதகர். எதையும் மறைக்கமாட்டார். வியாபாரத்தைச் சாகடிக்கிறார் என்று டார்லா அவருக்கு வைத்த பெயர் 'சவப்பெட்டி'.

போன மாதம் டார்லாவின் மகள் எங்கள் தெருவிலேயே ஒரு வீடு பார்த்தாள். மெர்ல் ஏணியைக்கூடத் துடைத்து வைத்துக் காத்திருந்தார். அந்த வீட்டு வாசலில் வந்து நின்றது ஒலெக்சாவின் வண்டி.

"பாத்தியா நர்சம்மா? சொந்தப் பொண்ணுன்னா சவப்பெட்டிதான் வேணுமாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஜாய்ஸின் கஞ்சிக் கிண்ணத்தை அவரிடம் கொடுத்து, "நீங்க ஊட்டுங்க" என்றேன்.

அடுத்த வேலை, பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண் ஒருத்தி வாங்கவிருந்த வீடு. அடித்தளச் சுவருக்குப் புது வெள்ளை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது சுவர் உள்பக்கம் வளைந்திருந்தது தெரிந்தது. டார்லா படியில் நிற்கும்போதே, "இன்ஜினியர்கிட்ட காட்டாம வாங்காதம்மா" என்று மெர்ல் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார். அவள் வாங்கவில்லை.

மாலை டார்லாவின் போன் வந்தது. ஜாய்ஸை இருவருமாகத் தூக்கிக்கொண்டிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"என்ன கண்ணு, நீயும் சவப்பெட்டி ஆயிட்டியா?"

"உன் பொண்ணுக்கு ஏன் என்னைக் கூப்பிடல, டார்லா?"

"அது வேற, மெர்ல்."

"ஆமா. அது வேறதான்."

அவள் வைத்துவிட்டாள். அதன் பிறகு திங்கட்கிழமைகளில் போன் அடிக்கவில்லை. மற்ற தரகர்களிடம் போய்ப் பார்த்தார். டார்லா முன்னாலேயே பேசியிருந்தாள்.

ஜாய்ஸுக்குப் பேச்சு இல்லை, ஆனால் கிழமை தெரியும். திங்கள் காலையில் கஞ்சிக்கு வாயைத் திறக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த வாரம் அதைக் கூடத்துக்கு மாற்றினேன். பாதிக் கிண்ணம் இறங்கியது.

"நர்சம்மா, போன் எங்க?" என்று மெர்ல் வந்து கேட்டார்.

"கூடத்துல இருக்கு. அடிச்சா நான் எடுக்கறேன். நீங்க அந்தத் துண்டை எடுங்க."