எங்கள் படலையில் நிற்காத நத்தார் ஊர்வலம்

கிறிஸ்து பிறப்பைப் பாடிவரும் எங்கள் ஊர் நத்தார் ஊர்வலத்தில் இடையனாக வேடம் கட்டிய சைவப் பிள்ளை நான் ஒருவன்தான். அதற்குக் காரணம் என் நடிப்போ பக்தியோ அல்ல, நாய்கள்.

கொடிகாமம் சந்தைக்குக் கிட்டிய சிறு பட்டினம் எங்களுடையது. தெருவுக்கு ஒருபுறம் தோட்டம் செய்யும் சைவக் குடும்பங்கள். மறுபுறம், கடல்நீரேரியை அண்டி, நாங்கள் வேதக்காரர் என்று சொல்லும் கத்தோலிக்கர். நத்தாருக்கு முந்திய கிழமை அவர்கள் உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியில் மாட்டுக்குடில் கட்டி, பிள்ளைகளை ஏற்றி, பாடிக்கொண்டு வேலிகளுக்கிடையிலான எல்லா ஒழுங்கைகளாலும் வருவார்கள். எல்லாம் ஊராரின் தொண்டுதான். பாண் சுடும் போறணைக்காரர் வயிற்றில் தலையணை கட்டி நத்தார் பாப்பா ஆவார். இயந்திரத்தை ஓட்டியவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய சைவர், கூலி வாங்கமாட்டார்.

சைவ வீட்டாருக்குச் சங்கடம் வரக்கூடாதென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கோயில் சுவாமி வீதியுலா வரும்போது செய்வதுபோல, வாசல் படலையில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்த வீட்டில் மட்டும் ஊர்வலம் நின்று பாடும். விளக்கு எரியாத வீட்டைக் குரலை அடக்கிக்கொண்டு கடந்துபோகும். அதற்காக இடையன் வேடத்தில் ஒருவன் அரிக்கன் லாம்போடு முன்னால் நடந்து, விளக்கைக் கண்டால் லாம்பை உயர்த்திக் காட்டவேண்டும். முந்திய ஆண்டு அப்படிப் போனவன் எங்கள் பக்கத்து நாயிடம் கடி வாங்கியிருந்தான்.

"உவனைப் போடுங்கோ," என்று என்னைக் காட்டினார் போறணைக்காரர். "எந்தப் படலையில எந்த நாய் எண்டு உவனுக்குத்தான் பாடம். நாயளுக்கும் உவனைக் கண்டா ஒரு மரியாதை."

என்னை அவர் கண்டது மாமி வீட்டில்தான். மாமி அப்பாவின் ஒரே தங்கை. வேதக்காரத் தையற்காரர் ஒருவரை விரும்பிக் கலியாணம் முடித்துக்கொண்டு அவர்களுடைய பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து அப்பா தங்கையோடு கதைப்பதில்லை. சந்தையில் மாமியைக் கண்டால் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிவிடுவார். நான் மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது களவாக மாமி வீட்டுக்குள் நுழைந்துவிட்டு வருவேன். ஊர்வலத்து உடுப்புகள் எல்லாம் அங்கேதான் தைக்கப்பட்டன.

ஊர்வலத்தன்று மாலை மாமி எனக்குத் தேங்காய்த்தும்பில் செய்த தாடியை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணைக்குத் தெரியுமோ நீ வாறது?"

தெரியாது என்றால் தாடியைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்தேன். "ஓம் மாமி. அவர்தான் போகச் சொன்னவர்."

மாமியின் கை அப்படியே நின்றது. "அண்ணை சொன்னவரோ? உண்மையாவோ மோனை?"

"உண்மையா."

மாமி தாடியை அழுத்தி ஒட்டி முடித்தார். வழமையாகப் பெட்டிக்குள் பிள்ளைகளோடு இருந்து பாடுகிறவர், அன்று இறங்கி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். எங்கள் ஒழுங்கை வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "உங்கடை படலையில விளக்கிருந்தா நல்லா உயர்த்திக் காட்டு ராசா," என்றார். குரல் நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன்.

முதல் வீட்டில் விளக்கிருந்தது. ஊர்வலம் நின்று பாடத் தொடங்கியது. நான் வளைவைத் தாண்டி முன்னால் போனேன். எங்கள் படலைக்குள் வெள்ளைத் துணி விரித்த மேசை. அதில் நிறைகுடம், மாவிலை, தேங்காய். குத்துவிளக்கு நின்று எரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

அம்மாதான் அப்பாவுக்குத் தெரியாமல் வைத்துவிட்டார் என்று தீர்மானித்தேன். ஊர்வலம் நின்றால் அப்பா வெளியே வருவார். தாடியோடு நான் நிற்பேன், பக்கத்தில் மாமி நிற்பார். அப்பா அடிக்க எடுக்கும் பூவரசங்கம்பு என் நினைவுக்கு வந்தது. விளக்கை வாயால் ஊதி நூர்க்கக்கூடாது என்று அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். நான் ஊதினேன்.

ஊர்வலம் வளைவில் திரும்பியது. இயந்திரத்துக்கு ஒரு கண்தான் வெளிச்சம். அதுவும் ஒழுங்கைக் குழிகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தது.

"தம்பி, நிப்பாட்டவோ?" என்று கத்தினார் ஓட்டியவர்.

"வேண்டாம். விளக்கில்லை."

பாட்டு அடங்கியது. மாமி எங்கள் படலையின் இருட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சரி மோனை, நீ நட," என்றார். அடுத்த ஒழுங்கையில் நான் திரும்பிப் பார்த்தபோது அவர் பெட்டிக்குள் ஏறி, பிள்ளைகளுக்குப் பின்னால் இருந்தார்.

தாடியைப் போறணைக்காரரின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா வெளுத்த வேட்டியோடு கதிரையில் இருந்தார். தோளில் கரை வைத்த சால்வை. கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் தவிர அவர் சால்வை போட்டு நான் கண்டதில்லை.

"காத்துக்கு நூந்திருக்கும்," என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்கள் சால்வை எடுக்க உள்ளுக்குப் போன நேரம்தான் தாண்டிப் போயிருக்கினம்."

"விளக்கு நூந்தா என்ன? நிறைகுடம் இருந்ததுதானே," என்றார் அப்பா. "வர விருப்பமிருந்தா வந்திருப்பாள்."

அடுத்த ஆண்டு நத்தாருக்கு முன்னரே மாமி குடும்பம் மன்னாருக்குப் போய்விட்டது. நான் வளர்ந்து ஆசிரியனான பிறகு ஒருநாள் அம்மா சொன்னார்: "நீ உடுப்புப் போட்டுப் பாக்கிறதை உழவு மெசின் ஓட்டினவர் வந்து சொல்லிப்போட்டார். பிள்ளையே போறான், நான் ஏன் இன்னும் முறுக்கிக்கொண்டு நிக்கிறன் எண்டு, உன்ரை கொப்பர்தான் மேசையைத் தூக்கிக்கொண்டு போய் வைச்சவர்."

அப்போது அப்பா உயிரோடு இருந்தார். நான் சொல்லவில்லை.

அவருடைய செத்தவீட்டுக்கு மாமி வந்தார். திரும்பும்போது பஸ் தரிப்பிடத்தில் அவரோடு நான் மட்டும் நின்றேன். "உன்னை ஊர்வலத்தில போக விட்ட அண்ணை, அண்டைக்குப் படலையில ஒரு விளக்கும் வைச்சிருந்தா நான் ஓடி வந்திருப்பனே மோனை," என்றார். உண்மையைச் சொல்ல ஒரு வசனம் போதும். பஸ் வந்தது. அவருடைய பையை ஏற்றிக் கொடுத்தேன். இப்போது மாமியும் இல்லை, அம்மாவும் இல்லை. அதனால்தான் இதை எழுதத் துணிந்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர்வலம் போன அந்த இரவில் எனக்கு இவை எதுவும் தெரியாது. அப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். என் நாடியில் ஒட்டியிருந்த தாடித் தும்பு ஒன்றை விரலால் எடுத்துப் போட்டார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அம்மா குசினியிலிருந்து பெரிய தாம்பாளத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பயற்றம்பணியாரமும் முறுக்கும் குவிந்திருந்தன. தீபாவளி முடிந்திருந்தது, பொங்கலுக்கு நாளிருந்தது.

"தின்னு," என்றார் அப்பா.

யாருக்குச் சுட்டது என்று நான் யோசிக்கவில்லை. அடி விழவில்லை என்ற சந்தோசத்தில் இரண்டு கையாலும் அள்ளினேன்.