அட்டையின் பின்பக்கம்

சென்னையிலிருந்து விழுப்புரம் வரும் பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த மீசை, கசங்கிய கோட்டு. கழுத்தில் தொங்கிய பெயர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஜன்னலோரம் என் மகள் கண்ணை மூடியிருந்தாள். காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆயுளையும் ஆபத்தையும் கணித்துச் சொல்லும் ஆக்சுவரி படிப்பில், ஒரே தாளில் நான்காம் முறை தோற்று, இரண்டு நாள் விடுதி அறைக் கதவைத் திறக்காதவள். வீட்டுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

அட்டையிலும் ஆக்சுவரிகள் கூட்டம் என்றிருந்தது.

"ஆண்டுக் கூட்டமா சார்? இவளும் அதான் எழுதுறா, நாலு தடவை ஆச்சு. அங்கெல்லாம் போனா பிரயோஜனம் உண்டா?"

"மேடையில பேசுறது பாதி மறந்துடும்மா. சாப்பாட்டு வரிசையில நின்னுக்கினு, எத்தனை தடவையில பாஸ் பண்ணீங்கன்னு ஒவ்வொருத்தரையா கேப்பேன். அங்கதான் உண்மையச் சொல்லுவாங்க."

அட்டையின் பின்பக்கம் பேனாவால் எண்கள் இருந்தன: ஏழு, நாலு, பதினொன்று.

"இந்தப் பதினொண்ணு இன்னிக்கு ஒரு கம்பெனியையே நடத்துறாரு."

"பதினொண்ணா!" மகளுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

திண்டிவனத்தில் எழுந்தவர் அட்டையைக் கழற்றி நீட்டினார். "பாப்பாகிட்ட குடுங்க."

"உங்க நம்பர் இதுல இல்லையே சார்?"

குனிந்து மெதுவாகச் சொன்னார்: "நான் இன்னும் எழுதிக்கினுதாம்மா இருக்கேன். வர்றேன்."

பேருந்து நகர்ந்தது. கண்ணைத் திறக்காமலே மகள் கேட்டாள்: "அவருக்கு எத்தனைம்மா?"

உண்மை அவளைத் தேற்றுமா, பயமுறுத்துமா என்று தெரியவில்லை. விழுப்புரம் வரும்வரை நானும் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.