மூன்று கணக்கு மென்பொருள்களும் ஒரு துக்க வீடும்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஆயர் குரோவில் வீடு, அலோர் காஜாவில் இரண்டு கடை, மெர்லிமாவில் மூன்று கடை என்று வாரம் முழுக்கக் காரில் ஓடி, மற்றவர்களின் கணக்கை எழுதித் தந்து பிழைக்கிறேன். சாலையின் இருபக்கமும் செம்பனைத் தோட்டங்கள் ஓடும். வாய்க்குள் ஒரு வரி ஓடும். அது கவிதையா, போன மாத மின்கட்டணமா என்று எனக்கே சில நேரம் தெரியாது.

அந்தக் கடைகளில் எனக்குப் பிடித்தது, மெர்லிமாவில் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் ஓர் அக்காவின் கடை. அவர் கணவர் லாரி ஓட்டுவார். அக்கா தொலைபேசியை எடுப்பார், நோட்டில் எழுதுவார். கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம், சாவு, எல்லாவற்றுக்கும் போவது அதே சிவப்பு நாற்காலிகள்தான். ஆனால் துக்க வீடுகளை மட்டும் அக்கா நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுவார். அந்தப் பக்கங்களுக்கு பில் போகாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவர்களாக வந்து "எவ்வளவுக்கா?" என்று கேட்பார்கள். அப்போதுதான் தொகையைச் சொல்வார். கேட்காமல் விட்டவர்கள் இதுவரை யாருமில்லையாம்.

பில்லையெல்லாம் கணினி வழியே அரசாங்கத்துக்கு அனுப்பும் மின்-விலைப்பட்டியல் முறை வரப்போகிறது, வரப்போகிறது என்று எல்லாரும் பேசத் தொடங்கியதும், நோட்டை விட்டு ஒரு மென்பொருளுக்கு மாறலாம் என்றேன். அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"எது வேணா போடு தம்பி. என் பேரு மட்டும் கெடக்கூடாது. இந்தப் பக்கம் கூடாரம் போடுற கெனப்பி கடை எத்தனையோ இருக்கு. எங்கிட்ட வர்றது நான் நடந்துக்குற விதத்துக்காகத்தான் லா."

மூன்றை எடுத்து ஒரு மாத இலவச வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தேன். முதலாவது அழகி. வெளிர்நீலத் திரை, கைப்பேசியிலும் திறக்கும், பில்லைத் தானே அனுப்பும், தாமதமானால் தானே நினைவூட்டும். இரண்டாவது கணக்காய்வாளர்களுக்காகவே பிறந்தது. பற்று, வரவு, தேய்மானம் என்று எதைக் கேட்டாலும் ஓர் அறிக்கை துப்பும். அலோர் காஜாவில் எங்கள் கணக்கைப் பார்க்கும் கணக்காய்வாளர் அதைத்தான் தூக்கி வைத்துப் பேசினார். அக்காவோ அதன் பட்டியல்களைப் பார்த்துவிட்டு, "இது என்ன விமானம் ஓட்டுற மாதிரி இருக்கு" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். மூன்றாவது சாம்பல் நிறம், மந்தம். ஒரு பொத்தானை அழுத்தினால் தூங்கி எழுந்து பதில் சொல்லும்.

நான் அழகியிடம் விழுந்தேன். அந்த மாத நோட்டை ஒரே மூச்சில் அதில் ஏற்றினேன். முன்பக்கத்தை ஏற்றினேன். திருப்பி, பின்பக்கத்தையும் ஏற்றினேன். காகிதத்துக்குப் பின்பக்கம் உண்டு, திரைக்குக் கிடையாது. ஏற்றும்போது அது என் புத்தியில் படவில்லை.

மறுநாள் காலை அக்காவின் அழைப்பு வந்தது.

"தம்பி, என்ன பண்ணி வச்சிருக்க? முந்தாநாளு நாற்காலி அனுப்பினோமே, அந்தத் துக்க வீட்டுக்கு பில்லு போயிருக்கு! இன்னைக்குத்தான் மூணாவது நாளு. நம்ம நாற்காலிகூட இன்னும் திரும்பி வரல."

"அலாமாக்! அக்கா, நான் அனுப்பல..."

"பில்லு மட்டும் போனா பரவால்ல. கீழ 'உங்கள் ஆதரவுக்கு நன்றி, விரைவில் மீண்டும் சேவை செய்யக் காத்திருக்கிறோம்'னு போட்டு, ஒரு சிரிக்கிற மூஞ்சி வேற. செத்தவரோட மச்சான் ஃபோன் போட்டு ஏசுறாரு. அடுத்து யாரத் தூக்கணும்னு காத்திருக்கீங்கன்னு கேக்குறாரு. நான் என்ன பதில் சொல்ல?"

அக்காவின் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். அடுத்த அரை மணியில் அக்காவை ஏற்றிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். கூடாரத்துக்குக் கீழே எங்கள் சிவப்பு நாற்காலிகள். துக்க வீட்டில் யாரும் யாரையும் வா என்று சொல்வதில்லை. போகும்போது போய் வருகிறேன் என்றும் சொல்வதில்லை. மச்சான் கைகட்டி நின்றார். இறந்தவரின் மனைவியும் மகளும் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். படத்துக்கு முன்னால் விளக்கு, பக்கத்தில் ஒரு கைப்பேசி.

"தப்பு என்னோடதுங்க. அக்காவுக்கு எதுவும் தெரியாது" என்றேன்.

அந்த அம்மா கைப்பேசியை எடுத்து எங்களுக்குக் காட்டினார். மகள் கல்யாணத்துக்கு நாற்காலி எடுத்தபோது கொடுத்த எண்ணைத்தான் அக்கா நோட்டில் இப்போதும் எழுதி வைத்திருந்தார். அது இறந்தவரின் எண்.

"அவரு ஃபோனுக்கே அனுப்பிட்டீங்களேக்கா" என்றார் அந்த அம்மா. அழப்போகிறார் என்று நினைத்தேன். "உசுரோட இருந்தப்பவே பில்லப் பாத்தா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. இப்பவா எந்திரிச்சு வந்து கட்டப் போறாரு?"

முதலில் மகள் சிரித்தாள். பிறகு அந்த அம்மா சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மச்சான் முகத்தை வேறு பக்கம் திருப்பினார், ஆனால் தோள் குலுங்கியது. நாங்கள் எழுந்து, ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தோம்.

அன்று சாயங்காலமே கடையில் உட்கார்ந்து மூன்றையும் மறுபடி ஒப்பிட்டேன். இம்முறை கேள்வி வேறு. அழகியில் தானாக அனுப்புவதை நிறுத்தலாம், ஆனால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் நிறுத்தமுடியும். கணக்காய்வாளரின் செல்லப்பிள்ளை, பணம் கட்டவேண்டிய தேதியைப் போடாமல் ஒரு பில்லையும் சேமிக்க விடவில்லை. சாம்பல்காரியோ தேதிக் கட்டம் காலியாக இருந்தால் கண்டுகொள்ளவே இல்லை. மனிதக் கை ஒன்று பொத்தானை அழுத்தும்வரை எதையும் வெளியே அனுப்புவதுமில்லை. வாடிக்கையாளர்களை இரண்டு தொகுதியாகவும் பிரிக்க விட்டது. நோட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் திரும்பக் கிடைத்தன.

கணக்காய்வாளரிடம் சொன்னேன். "எனக்கு வேல ஜாஸ்தி லா அதுல" என்று முனகினார். கதையைக் கேட்டுவிட்டு, "சரி, சரி, மாசக் கடைசியில ஒரு பிரதி அனுப்பிடு" என்றார்.

ஒரு கட்டம்தான் பாக்கி. பில்லின் அடியில் வரும் வாசகம். கல்யாண வீடுகளுக்கு எழுதிவிட்டேன். துக்க வீடுகளுக்கு என்ன எழுதுவது? சொற்களோடு இத்தனை காலம் மல்லுக்கட்டிய எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. எழுதினேன், அழித்தேன், எழுந்து நடந்தேன், வந்து மறுபடி அழித்தேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"சும்மா விடு தம்பி. துக்க வீட்டுல யாரு என்ன சொல்றோம்?"

காலியாக விட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் அந்த அம்மா மகளோடு கடைக்கு வந்தார். "எவ்வளவுக்கா?" என்றார். அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பொத்தானை அழுத்தினேன். சாம்பல்காரி யோசித்து, யோசித்து, ஒரு தாளைத் தள்ளியது. தொகை, அதற்குக் கீழே வெள்ளை.

அவர் பணத்தை எண்ணி வைத்தார். தாளின் அடியை ஒரு கணம் பார்த்தார், நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி, "வரேங்க்கா" என்றார்.

"வாம்மா" என்றார் அக்கா.