லேபிள் நகர்ந்த வாரம்

நாற்பத்தாறு வயதில் எனக்கு புரோகிராமிங் ஆசை வந்தது. தட்டாஞ்சாவடியில் ஓர் ஊதுவத்தி கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பெட்டியில் ஒட்டும் லேபிளை அச்சடிக்க வெளியில் வாங்கிய சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. பாதிச் சரக்கு பிரான்சுக்குப் போகிறது. அந்த சாஃப்ட்வேரோ பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் வரும் கோடுகளையெல்லாம் தின்றுவிடும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சல். நானே எழுதித் தருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். எல்லாம் வாய்க்கொழுப்பு.

வீடியோக்களைப் பார்த்து சி ஷார்ப் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்றுக்கொண்டேன். திரையில் ஜன்னல் திறப்பது, பட்டன் வைப்பது எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. அச்சடிப்பதுதான் உயிரை வாங்கியது. திரையில் எழுத்தின் இடத்தைப் புள்ளிக் கணக்கில் சொல்ல வேண்டும்; தாளில் அங்குலத்தின் நூறில் ஒரு பங்காகச் சொல்ல வேண்டும். அது புரியாமல் அடித்த முதல் லேபிளில் எல்லா எழுத்தும் ஒரே மூலையில் குவிந்து கிடந்தது. பிறகு எழுத்துரு. ஒவ்வொரு பெயரும் எவ்வளவு அகலம் வரும் என்று அளந்து, கட்டத்துக்குள் அடங்காவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கி மறுபடி அளக்க வேண்டும். ஆறு மாதம் ஆயிற்று. சரியாக வந்த முதல் லேபிளை வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். "இதுக்கா இவ்ளோ நாளு?" என்றாள் மனைவி.

அச்சடிக்கும் மிஷினில் லேபிள் ரோலை மாட்டி எடுப்பது முத்தியால்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண். அவருடைய அப்பா வேலை பார்த்த மில் மூடிய பிறகு அந்த வீட்டில் நிலையான சம்பளம் யாருக்கும் இல்லை. இவருக்கும் இங்கே தினக்கூலிதான். வேண்டாம் என்றால் அன்றோடு சரி.

ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கிய அன்று லேபிள் நகர ஆரம்பித்தது. நாலு ஒழுங்காக வரும், ஐந்தாவதில் பெயர் பாதி வெட்டுப்பட்டு அடுத்த லேபிளுக்குத் தாவியிருக்கும். புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். தப்பே இல்லை. அப்புறம் என்ன, அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினேன்.

"ரோல கோணலா மாட்றீங்கம்மா."

"இல்லண்ணே, எப்பவும் போலத்தான் மாட்றேன். அந்த மிஷின் உள்ள..."

"மிஷின எனக்குத் தெரியும். நீங்க கைய பாத்து வைங்க."

வாரம் முழுக்க இதே கூத்து. நூறு நூறாக லேபிள் குப்பைக்குப் போயிற்று. சனிக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்தம்மா கைதான் காரணம்னு உறுதியா சொல்றியா?" என்றார். உறுதியாகச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை நானே ரோலை மாட்டினேன், அளவெடுத்து, நேராக. ஐந்தாவது லேபிள் நகர்ந்தது.

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு லேபிளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கண்டுபிடிக்க உள்ளே ஒரு சின்னக் கண் உண்டு. அதன் பாதியை மூடிக்கொண்டு காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

வைத்தது நான்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன் நான்; ஆனாலும் கம்பெனியில் ஆயுத பூஜை எல்லோருக்கும் பொது. என் மிஷினுக்கு என் கையால்தான் பொட்டு என்று அடம்பிடித்தேன். விவரம் தெரிந்தவர்கள் மூடியின் மேல் ஒன்று வைத்து நிறுத்திக்கொள்வார்கள். நான் பெருமை தாங்காமல் உள்ளேயும் ஒன்று வைத்தேன். என் புரோகிராமில் தப்பில்லை என்பது உண்மைதான். அதை நினைத்தபோது என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

முதலாளியிடம் போய் அப்படியே சொன்னேன். "போய் கூட்டிக்கிட்டு வா, போ" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போனேன். அவர் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"அந்தச் சந்தனத்த நான் மொத நாளே பாத்தேண்ணே. தொடைக்கலாம்னு கையக்கூட கொண்டு போனேன். நீங்க வச்சதாச்சே, மிஷினு தெரிஞ்சவரு, எதுக்கோதான் வச்சிருப்பாருன்னு உட்டுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"கேக்கத்தாண்ணே வந்தேன். நீங்க எங்க கேக்க உட்டீங்க?"